கேஜ் சொல்லாத கிராம்கள்: கார் ஏசியிலிருந்து கசியும் வாயுவை எடைபோட்டு அறிதல்

2019-ஆம் ஆண்டு மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகலில், மதுரை காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது என் காரின் ஏசி குளிர்ந்த காற்றை நிறுத்திவிட்டு வெறுங்காற்றை ஊதத் தொடங்கியது. வண்டி நகர்ந்து சற்று வேகமெடுத்ததும் குளிர்ச்சி திரும்பியது. அடுத்த சிக்னலில் நின்றதும் மீண்டும் போய்விட்டது. குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று நகருக்குள் ஒரு கடையில் கேஸ் ஏற்றி அப்போது பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலிடெக்னிக்கில் குளிர்பதனமும் காற்றுப்பதனமும் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கடையில் நடந்ததை நான் இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். வெயிலின் களைப்பில், அழுத்தத்தைக் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

திருநகரில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல், பழங்காநத்தம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் வண்டியை நேராகக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு நிமிடம் கேஜைப் பார்த்தார். "சார், இதுல கேஸ் ஜாஸ்தியா இருக்கு. ஹை சைடு பிரஷர் எகிறி கம்ப்ரசர் கட் ஆகுது. மொத்தத்தையும் வெளிய எடுத்து எடை போட்டுப் பாத்துருவோம்" என்றார். வாயுவை உறிஞ்சி எடுத்து எடைபோடும் மீட்பு இயந்திரத்தை இணைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக இழுத்து எடுத்ததில் 575 கிராம் வந்தது. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தகட்டில் அந்த ஏசிக்கு உரிய அளவு 430 கிராம் என்று அச்சிட்டிருந்தது.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார்களே என்ற வருத்தத்தைவிட, ஒரு காரிலிருந்து எவ்வளவு வாயு கசிகிறது என்பதை நாம் எதைக் கொண்டு தெரிந்துகொள்கிறோம் என்ற கேள்விதான் பெரிதாக நின்றது. 'கேஸ் கம்மி' என்று சொல்லாத பட்டறை மதுரையில் இல்லை. எத்தனை கிராம் கம்மி என்று சொன்ன பட்டறையை அதுவரை நான் பார்த்ததில்லை.

முதலில் கேஜைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தவறான கணக்குகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. குழாய்களுக்குள் அது ஒரு பகுதி திரவமாகவும் ஒரு பகுதி ஆவியாகவும் இருக்கிறது. மூடிய கலத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை, நிறுத்தி வைத்த நிலையில் அங்கே நிலவும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. உள்ளே இருப்பது எவ்வளவு என்பதற்கு அதில் பங்கு இல்லை. 30 டிகிரி செல்சியஸில் கேஜ் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் ஓர் அலகு) காட்டும். 35 டிகிரியில் ஏறத்தாழ 114 காட்டும். 430 கிராம் இருந்தாலும் அதே 114 தான், 200 கிராம் இருந்தாலும் அதே 114 தான். குழாய், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து உட்கொள்ளளவு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 35 டிகிரியில் தெவிட்டிய ஆவியின், அதாவது திரவத்தோடு சேர்ந்திருக்கும் ஆவியின், அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 43 கிராம் என்பதால், ஏறத்தாழ 87 கிராம் மிஞ்சும்வரை உள்ளே ஏதோ ஒரு துளி திரவம் இருந்துகொண்டே இருக்கும். அதற்கும் கீழே போன பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். அதாவது, ஐந்தில் நான்கு பங்கு காற்றில் கலந்த பிறகே நின்ற நிலை அழுத்தம் நமக்குத் தகவல் சொல்கிறது.

சமையல் கேஸ் சிலிண்டரை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது தெரிந்த செய்திதான். அடுப்பின் சுடர் கடைசி நாள்வரை ஒரே உயரத்தில் எரிகிறது. அதனால்தான் எவ்வளவு மிச்சம் என்று அறிய என் அம்மா சுடரைப் பார்க்காமல் சிலிண்டரைச் சாய்த்து, ஆட்டி, தூக்கிப் பார்ப்பார். அளவை அறிய எடையை நாட வேண்டும் என்ற அந்த அறிவு அடுக்களையில் இருக்கிறது, ஏசி பட்டறையில் பரவலாக இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். எஞ்சின் ஓடும்போது கேஜ் காட்டும் அழுத்தங்கள் வாயு குறையக் குறைய மாறும் என்பது உண்மையே. ஆனால் அவை வெளி வெப்பம், கண்டென்சர் விசிறி, எஞ்சின் வேகம், விரிவு வால்வின் நிலை ஆகிய அனைத்தாலும் மாறும் என்பதால், அவற்றிலிருந்து கிராமைப் பிரித்தெடுக்க முடியாது.

ஆகவே என் காரின் கசிவை எடைகளிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டேன். வண்டி வாங்கியது 2016 ஏப்ரல். தொழிற்சாலையில் 430 கிராம் நிரப்பியிருப்பார்கள். கடையில் ஏற்றியது 450 கிராம் கேன் ஒன்று. அந்தக் கேன் முழுவதும் வண்டிக்குள் போயிருக்காது. காலிக் கேனில் ஆவியாகப் பத்துப் பதினைந்து கிராம் தங்கும். எனவே உள்ளே போனது ஏறக்குறைய 435. வெளியே எடுத்தது 575. நல்ல இயந்திரமும் முழுமையாக எடுப்பதில்லை என்பதாலும், கம்ப்ரசர் எண்ணெயில் கரைந்த வாயு மெதுவாகத்தான் வெளிவரும் என்பதாலும், இன்னொரு 20 கிராம் மிச்சம் இருந்திருக்கும் என்று கொண்டேன். அப்படியானால் மொத்தம் 595. அதிலிருந்து 435-ஐக் கழித்தால், கேஸ் ஏற்றுவதற்கு முன் வண்டியில் இருந்தது 160 கிராம். மூன்று ஆண்டுகளில் போனது 270 கிராம், ஆண்டுக்கு 90. கேஜில் நான் அன்று பார்த்த முள் 'சரியாக' நின்றதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது: 160 கிராம் என்பது 87-ஐவிட அதிகம்.

இந்தக் கணக்கில் எவ்வளவு பிழை ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேஜுடன் வரும் மஞ்சள் ஹோஸ் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்விட்டம் 5 மில்லிமீட்டரும் கொண்டது என்றால், அதன் கொள்ளளவு சுமார் 29 கன சென்டிமீட்டர். அது திரவத்தால் நிறைந்திருந்தால் அதற்குள் மட்டும் 35 கிராம் இருக்கும். கழற்றும்போது 'புஸ்' என்று போவது அதுதான். தொழிற்சாலை நிரப்பும்போது சில கிராம் கூடக்குறைய இருக்கும். அமெரிக்காவில் வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2788 தரம், மீட்பு இயந்திரம் அரை மணி நேரத்துக்குள் 95 விழுக்காடு வாயுவை எடுக்க வேண்டும் என்றும், திரும்ப நிரப்பும்போது பிழை 15 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. கடுமையான அந்தத் தரமே இவ்வளவு இடம் கொடுக்கும்போது, என் 270-இல் 50 கிராம் முன்பின் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 17 கிராம் பிழை. 90 என்ற விடை அதைத் தாங்கும். அதே பிழையோடு ஒரே ஆண்டில் அளந்திருந்தால், 90-இல் 50 முன்பின் என்ற விடை எதற்கும் உதவியிருக்காது. ஒரு காரை வைத்துக் கசிவை அளக்க விரும்புகிறவர் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் நிறைய கார்களை அளக்க வேண்டும்.

நிறைய கார்களை அளந்தவர்கள் இருக்கிறார்கள். 2003-இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக நடந்த ஓர் ஆய்வில், விபத்தோ பழுதோ இல்லாத கார்களிலிருந்து வாயுவை முழுவதும் மீட்டு எடைபோட்டு, உரிய அளவோடு ஒப்பிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 50 கிராம், அதாவது கொள்ளளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு என்பது கிடைத்த சராசரி. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நாடுகள் தங்கள் கணக்கில் பயன்படுத்துவதற்கு ஆண்டுக்கு 10 முதல் 20 விழுக்காடு என்ற வரம்பைக் கொடுக்கின்றன. என் காருக்கு அது 43 முதல் 86 கிராம். இரண்டு எண்களும் வேறுபடுவதைக் கண்டு ஒன்று தவறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலாவது, நல்ல நிலையில் இருக்கும் காரின் சீரான கசிவு. இரண்டாவதில் கண்டென்சரில் கல் பட்டு ஒரே நாளில் காலியானதும், பழுது பார்க்கும்போது போனதும் சேர்ந்துவிடுகின்றன. இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. 'கூலிங் இல்ல' என்று பட்டறைக்கு வரும் கார்களை மட்டும் அளந்து சராசரி எடுத்தால், கசியாத கார்கள் கணக்கிலேயே வராமல் போய், விடை மிகையாகிவிடும். யாரை அளந்தோம் என்று சொல்லாத சராசரியை நான் நம்புவதில்லை.

விழுக்காட்டில் சொல்வதைப் பற்றியும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கசிவைத் தள்ளுவது உள்ளே இருக்கும் அழுத்தம். உள்ளே திரவம் இருக்கும்வரை அந்த அழுத்தம் மாறாது என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால் முதல் ஆண்டு 60 கிராம் போனால் மூன்றாம் ஆண்டும் ஏறக்குறைய 60 கிராம்தான் போகும். மிச்சமிருப்பதில் ஏழில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகாது. இருப்பில் இத்தனை விழுக்காடு என்று பெருக்கும் கணக்கு, பழைய கார்களின் கசிவைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. கிராமில் சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை.

வெப்பத்தின் பங்கும் இங்கேதான் வருகிறது. ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாக வாயு ஊடுருவிப் போவது, துளையே இல்லாத புத்தம்புதிய காரிலும் நடப்பது. உள்ளழுத்தம் கூடும்போதும் ரப்பர் சூடாகும்போதும் அது அதிகமாகிறது. 10 டிகிரியில் ஆர்-134ஏ வாயுவின் முழு அழுத்தம் (கேஜ் காட்டுவதோடு வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தது) சுமார் 4.1 பார், 35 டிகிரியில் சுமார் 8.9 பார். இரு மடங்குக்கும் மேல். குளிர்நாடு ஒன்றில் ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கும் காருக்கும், மாட்டுத்தாவணி வெளியே சித்திரை வெயிலில் நாள் முழுதும் நிற்கும் வாடகைக் காருக்கும் ஒரே எண்ணைப் பொருத்துவது சரியாக இருக்காது. நமக்கு நம் ஊரில் எடைபோட்ட எண்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

என் காரில் 90 கிராம் எங்கே போனது என்பதைத் தேடியபோது என் மாணவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. டார்ச்சை எடுத்தார். வாயுவோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் மெல்லக் கசியும்; அந்தப் பசையில் நம் ஊர்ப் புழுதி படிந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். கண்டென்சர் இணைப்பு ஒன்றில் அப்படி ஒரு கறுப்பு வளையம் இருந்தது. உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகிக் கெட்டிப்பட்டிருந்தது. இரண்டாவது, வாயு ஏற்றும் லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்க) சர்வீஸ் வால்வு. அதன் மூடியைக் காணவில்லை. "மூடி தூசிக்குத்தான்னு நெனச்சு எல்லாரும் தூக்கிப் போட்டுர்றாங்க சார்" என்றார். சைக்கிள் டியூப் வால்வைப் போன்ற அந்தப் பின் முழுமையாக அடைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. உள்ளே ரப்பர் வளையம் கொண்ட மூடிதான் உண்மையான அடைப்பு. சோப்பு நுரையைத் தடவியதும், சற்று நேரம் கழித்து ஊசிமுனையளவு குமிழ் ஒன்று எழுந்தது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கம்ப்ரசர் தண்டின் சீல், வண்டி வாரக்கணக்கில் நின்றால் எண்ணெய்ப் படலம் வற்றிக் கசியும். வாரம் ஒரு முறை சில நிமிடம் ஏசியை ஓடவிடுவது அதற்காகத்தான். மின்சாரக் கார்களில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே மூடிய கூட்டுக்குள் இருப்பதால் அந்த சீலே கிடையாது. வேப்ப மரத்தடியில் நிறுத்தும் கார்களில் சருகும் ஈரமும் காயிலில் தங்கி அரித்துத் துளையிடுவதை அவர் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். லாரிகள் நெருங்கி ஓடும் மேலூர் சாலையில் கண்டென்சருக்குக் கல்லடி. எலி கடித்த ஹோஸும் உண்டு.

சோப்பு நுரை, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம், மின்னணு மோப்பக் கருவி ஆகியவை 'எங்கே' என்ற கேள்விக்கானவை. ஜே2791 தரத்துக்கு உட்பட்ட மோப்பக் கருவி ஆண்டுக்கு 4 கிராம் கசியும் இடத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மொத்தம் எவ்வளவு என்று சொல்லாது. மொத்தத்தை நேரடியாக அளக்க, காரையே அடைத்த அறைக்குள் நிறுத்திக் காற்றில் வாயு சேர்வதை அளக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 50 கிராம் என்பது மணிக்கு 6 மில்லிகிராமுக்கும் குறைவு. 50 கன மீட்டர் அறையில் அது ஒரு மணி நேரத்தில் நூறு கோடியில் 27 பங்கு என்ற அளவுக்குத்தான் சேரும். அதைப் பிடிக்க மிக நுண்ணிய கருவி வேண்டும். மூன்றாவது வழி, காரை அளக்காமலே கணக்கிடுவது. எஸ்ஏஇ ஜே2727 முறையில் ஒவ்வோர் இணைப்புக்கும், ஹோஸின் நீளத்துக்கும் வகைக்கும், கம்ப்ரசர் சீலுக்கும் இத்தனை கிராம் என்று மதிப்பிட்டுக் கூட்டுகிறார்கள். புதிய மாதிரிகளை ஒப்பிட அது நல்ல முறை. மூடி தொலைந்த காரை அதற்குத் தெரியாது.

ஒரு தனிக் காரை விட்டுவிட்டு ஒரு பட்டறையை, ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் வேறொரு கதவு திறக்கிறது. அதுதான் சரக்குக் கணக்கு. ஒரு பட்டறை கோடையின் மூன்று மாதங்களில் 40 கேன் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம்: 18 கிலோ. அதில் அலமாரியில் மிச்சமிருப்பதைக் கழிக்க வேண்டும். மீட்பு இயந்திரம் எடுத்துத் திரும்பப் பயன்படுத்திய வாயு வாங்கிய கணக்கில் வராது என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. எஞ்சியது எல்லாம், முன்பு எப்போதோ காற்றில் கலந்துவிட்ட வாயுவுக்கு ஈடாக ஏற்றப்பட்டது. எந்த ஓ-ரிங்கில் போனது, எந்த ஆண்டில் போனது என்று இந்தக் கணக்கு சொல்லாவிட்டாலும், எதையும் மறைக்க முடியாத கணக்கு இதுதான். ஹோஸில் போனதும், காலிக் கேனில் போனதும், எல்லாவற்றுக்கும் மேலாக, காயிலை மாற்றுவதற்கு முன் வால்வைத் திறந்து வானத்தில் விட்டதும் இதில் வந்துவிடும். கடைசியில் சொன்னது சிறிய தொகையன்று. மீட்பு இயந்திரம் இல்லாத இடத்தில் 200 கிராம் மிச்சமுள்ள காரைத் திறந்தால், நான்கு ஆண்டுகளின் சீரான கசிவு ஒரே நிமிடத்தில் நடந்துவிடுகிறது. மூன்றரை மடங்கு காற்றைவிடக் கனமான அந்த வாயு மணமின்றி, நிறமின்றி, தரையோடு படிந்து போய்விடுவதால் யாருக்கும் அது இழப்பாகத் தெரிவதில்லை.

ஆனால் அது இழப்புதான். ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை. அதற்கு முன்னிருந்த ஆர்-12 கெடுத்தது, அதனால்தான் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்கீழ் அது விலக்கப்பட்டது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்குவது. என் காரின் 90 கிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 129 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வருகிறது என்றால், இது 56 லிட்டருக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 840 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குச் சற்றுத்தான் குறைவு. தொலைந்த ஒரு மூடியும் தட்டையான ஒரு ரப்பர் வளையமும் இதில் பெரும்பகுதியைச் செய்திருந்தன.

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உருவான திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இவ்வகை வாயுக்களின் நுகர்வு 2028-இல் உச்சவரம்போடு நிற்க வேண்டும். 2032-இல் 10 விழுக்காட்டில் தொடங்கி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைய வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் விற்கும் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. பெரும்பாலானவற்றில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது, அதன் வெப்பமூட்டும் திறன் ஒற்றை இலக்கத்தில்தான். நம் சாலைகளில் ஏற்கெனவே ஓடும் கார்கள் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். அவற்றின் கசிவை நாம் கடன் வாங்கிய விழுக்காட்டால் பெருக்கிக்கொண்டிருப்பதா, எடைபோட்டு எழுதுவதா என்பது பட்டறைகளில் தீர்மானமாகும் விஷயம்.

அன்று ஓ-ரிங்கையும் வால்வு பின்னையும் மாற்றி, முக்கால் மணி நேரம் வாக்யூம் போட்டு, தராசில் வைத்து 430 கிராம் ஏற்றினோம். இரண்டு சர்வீஸ் வால்வுகளின் மூடிகளையும் கையால் இறுக்கினேன். 2022 மே மாதம், குளிர்ச்சி நன்றாக இருந்தபோதே, அளப்பதற்காக மட்டும் வண்டியைக் கொண்டுபோனேன். 340 கிராம் வந்தது. உள்ளே தங்கியதற்கு 15 சேர்த்தால் 355. மூன்று ஆண்டுகளில் 75, ஆண்டுக்கு 25. ஊரடங்கில் வண்டி மாதக்கணக்கில் நின்ற 2020-உம் இதில் அடங்கும் என்பதால், நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்திருந்தேன். மறுபடியும் 430 கிராமாக நிரப்பி விட்டோம். 2025 மே மாதம் மீண்டும் எடுத்தபோது 344 வந்தது.

என் மாணவர் இப்போது தம் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். தகட்டில் உள்ள எடை, வெளியே எடுத்த எடை, கடைசியாக ஏற்றிய தேதி, மூடி இருந்ததா இல்லையா என்று நான்கு பத்திகள். அரை மணி நேரம் காத்திருக்க மனமில்லாதவர்களின் வரிகளில் இரண்டாவது பத்தி காலியாக இருக்கிறது. "அத நிரப்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியல சார்" என்றார். காலி வரிகளை விலக்கி, பழுதுக்காக வந்தவர்களையும் வழக்கமான பராமரிப்புக்கு வந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்து, மிச்சத்தைக் கூட்டும் வேலையை இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன்.